ப்ளோயரின் இன்னொரு லோப்

கழிவுநீர்த் தொட்டிக்குக் காற்று ஊதும் ப்ளோயரை நானும் என் மச்சானும் பிரித்தோம். உள்ளே எட்டு வடிவத்தில் இரண்டு இரும்பு லோப்கள். ஒன்று வலமாகச் சுற்றினால் மற்றது இடமாகச் சுற்றி, காற்றை அள்ளித் தள்ளும். இரண்டும் உரசவே கூடாது. நடுவில் மயிரிழை இடைவெளிதான். அதைக் காப்பாற்றுபவை பின்னால் உள்ள கியர்கள்.

கியர்களைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு, ஒரு லோபைத் துடைக்கத் திருப்பினேன். அடுத்த மேசையில் இருந்த மற்ற லோப் எதிர்ப்பக்கமாகத் திரும்பியது.

"மச்சான், நீ தொட்டியா?"

"நான் பிஸ்கட் தின்னுட்டு இருக்கேன்."

"மேனேஜர்கிட்ட சொல்லலாமா?"

"கியர் இல்லாம சுத்துதுன்னா, ஆள் இல்லாமயும் சுத்துமான்னு கேப்பாரு. பேசாம இரு."

தேய்ந்திருந்த லோப் ஒன்றை ஊருக்கு வெளியே லேத் பட்டறைக்கு அனுப்பினோம். மறுநாள் பத்து மணிக்கு எங்களிடம் இருந்தது சுற்றத் தொடங்கியது. ஒரு மணிக்கு நின்றது. போனில் கேட்டேன், அங்கே இரண்டு மணி வரை சாப்பாட்டு நேரம். இரண்டரைக்கு மறுபடி சுற்றியது.

"அரை மணி லேட்டு," என்றான் மச்சான்.

மூன்றாம் நாள் அது அசையவே இல்லை. மத்தியானம் பட்டறைக்காரர் கூப்பிட்டார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. பழைய இரும்புன்னு நெனச்சு நம்ம ஆளு உங்க லோபைக் காலையில பக்கத்து ஃபவுண்டரி உலையில போட்டுட்டான்."

திரும்பிப் பார்த்தேன். லோப் சாதுவாகத்தான் கிடந்தது. மச்சான் காலையில் அதன்மேல் வைத்து மறந்த டீ மட்டும் தம்ளரில் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.