சங்கரா இருக்கு

"சங்கரா! சங்கரா! வாம்மா, சங்கரா!"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மகன் பெயரை வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. புருஷன் போட்ட உத்தரவு. மகன் மீனவர் வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டு, மாமல்லபுரத்தில் மீன் சாப்பாட்டுக் கடை போட்டுவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்று போட்டது. வருஷக்கணக்காக அவளும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டாள், பாவி.

இங்கே என்னடாவென்றால் தெருவே அந்தப் பெயரைக் கூவிக்கொண்டிருக்கிறது.

கோயில் சுற்றுலாவுக்கு வேனில் கூட வந்தவர்கள் சிற்பம் பார்க்கப் போயிருந்தார்கள். வேன் கிளம்புவதற்குள் அவனை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

கடற்கரைத் தெரு முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள். வாசலிலேயே ஐஸ் மேல் மீனைப் பரப்பி வைத்திருந்தார்கள். வருகிறவர்களைக் கையைப் பிடித்து இழுக்காத குறைதான்.

திருநெல்வேலிச் சைவ வீட்டுக்காரி. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு கடைக்காரியிடம் போனாள்.

"சங்கரன் எங்க தாயி இருக்கான்?"

"சங்கராவா? நம்ம கடையிலயே இருக்குதும்மா. இப்பதான் படகுல வந்துச்சு. வறுத்துத் தரட்டா, கொழம்பு வெக்கட்டா?"

அட ஆண்டவனே.

கடைக்காரி சிவப்பு மீன் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். அதன் பெயர்தான் சங்கரா என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும் வந்து தொலைத்தது.

அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடியில் ஒருவன். தலையில் ஐஸ் பெட்டி. ஒரு தோளைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிறான்.

அவனேதான். அந்த நடை வேறு யாருக்கு வரும்?

"சங்கரா!"

அவன் திரும்பவில்லை.

எப்படித் திரும்புவான்? விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை காதில் விழுகிற கூவல்தானே.

"என்னம்மா, நீயும் கடை போட்டுட்டியா?" கடைக்காரி கெக்கெக்கே என்று சிரித்தாள்.

அவன் போய்க்கொண்டே இருந்தான். இன்னும் நாலு கடை தாண்டினால் சந்துக்குள் திரும்பிவிடுவான்.

அவள் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்தாள். மீன் வாசனை நெஞ்சு நிறைய ஏறியது. ஏறட்டும்.

"ஏலேய்! சங்கரா!"

மீனை யாரும் ஏலே என்று கூப்பிடுவதில்லை.

அவன் நின்றான்.

திரும்பவில்லை. ஐஸ் பெட்டியை மெல்ல இறக்கி மண்ணில் வைத்தான்.