முதலில் எழுந்தவர்

"உன் நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிருக்காங்களாமே, மச்சான்? வெந்நீர்ல அது உருகிடாமப் பார்த்துக்க" என்றார் டோகுஜி.

கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்திருந்தார். எதிரே அதே கோலத்தில் இவாவோ, டோகுஜியின் மனைவி கினுவுக்கு அண்ணன். இரண்டு பேருக்கும் எழுபது தாண்டிவிட்டது. தலையில் மடித்து வைத்திருந்த சின்னத் துண்டின்மேல் பனி விழுந்துகொண்டிருந்தது.

இவாவோ வேலிக்கு அப்பால் எழுந்து நிற்கும் எபோஷி மலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மரம் அறுக்கும் பட்டறையில் இருவரும் ஒன்றாக வேலை பார்த்த காலத்தில், இதே வெந்நீரூற்றில், இதே பாறைத் தொட்டியில் ஒரு பந்தயம் நடந்தது. யார் முதலில் எழுவது என்று. டோகுஜி மயங்கிச் சாய்ந்துவிட்டார். இவாவோ அவரைப் பிறந்தமேனியாக முதுகில் போட்டுக்கொண்டு கடைத்தெரு வழியாகத் தூக்கிப் போனார்.

வெந்து சிவந்து தொங்கிய அந்தக் கோலத்தால் அன்றிலிருந்து டோகுஜிக்கு ஊரில் 'வெந்த ஆக்டோபஸ்' என்றுதான் பெயர். அந்த வயிற்றெரிச்சலில்தான் இவாவோவின் தங்கையைக் கேட்டுக் கட்டினார். கட்டிய நாள் முதல் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவளுடைய பிறந்த வீட்டு வாசலை மிதிக்க விடவில்லை.

"உங்கம்மா செத்தப்ப கினு தூணைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதா. விட்டேனா நான்? எல்லாம் நீ என்னை முதுகுல தூக்குனதுக்குத்தான்."

"தெரியும்" என்றார் இவாவோ.

"தெரிஞ்சா சரி. இன்னிக்கு நீ எழுந்திரு, இல்ல செத்து மித. ரெண்டுல எதுன்னாலும் எனக்குச் சம்மதம்."

தொட்டியின் ஓரத்தில் காலை மட்டும் நனைத்துக்கொண்டிருந்த லாரிக்காரன் ஒருவன் சிரித்தான். "தாத்தா, ரெண்டு பேரும் முட்டை மாதிரி வெந்துடுவீங்க. தொட்டுக்க உப்பு கொண்டாரவா?"

"வாயை மூடுடா. தோள் தண்ணிக்கு மேல தெரிஞ்சா தோத்ததா அர்த்தம். நீதான் சாட்சி."

டோகுஜி யாரையும் நம்பாதவர். கினுவைத் தனியாகக் கடைக்குக்கூட அனுப்பமாட்டார். மூட்டுவலி என்று அவள் நாள் கணக்கில் கெஞ்சியதால்தான் இன்று தானே வண்டியோட்டிக் கூட்டிவந்தார். மூங்கில் தடுப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள் குளிக்கும் இடம். அங்கே மட்டும் கூடப் போக முடியாதே!

தடுப்பைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ கினு! உங்கண்ணன் இங்க வெந்துக்கிட்டிருக்கான். இவன் எழுந்திரிக்கிறதைப் பார்க்காம நான் வரமாட்டேன். அதுவரைக்கும் காத்திரு!"

"சரிங்க. நீங்க ஜெயிச்சிட்டே வாங்க" என்று கினுவின் குரல் வந்தது.

டோகுஜிக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. "கேட்டியா? உன் தங்கச்சியே என் பக்கம்தான்."

இவாவோவின் கண் மலையை விட்டு நகரவில்லை.

நேரம் போனது. இவாவோவின் உதடு கறுத்தது. நெற்றிப்பொட்டில் நரம்பு எழும்பித் துடித்தது. லாரிக்காரனுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐயா, முகமே நல்லாயில்ல. விளையாட்டு போதும், எழுந்திரிங்க."

"இன்னும் கொஞ்சம்" என்றார் இவாவோ.

"அங்க என்னத்தைப் பார்க்கற? மலைமேல உங்கம்மா நிக்கிறாளா?" என்று டோகுஜி குத்தினார். அவருக்கும் தலை சுற்றியது. மலை இரண்டாகத் தெரிந்தது. ஆனாலும் எழுவதைவிட அங்கேயே கரைந்துபோகலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

மலைப்பாதையில் வெள்ளை வண்டி ஒன்று பனியில் ஊர்ந்து ஏறி, மேல் வளைவில் திரும்பி மறைந்தது.

இவாவோ நீளமாக மூச்சு விட்டார். பாறையைப் பிடித்துத் தள்ளாடி எழுந்தார். உடம்பெல்லாம் செக்கச்சிவந்து ஆவி பறந்தது.

டோகுஜி தண்ணீரை அடித்துக் கூத்தாடினார். "எழுந்துட்டான்! எழுந்துட்டான்! டேய், சாட்சி, பார்த்தியா? இப்ப யாருடா ஆக்டோபஸ்? போய்க் கடைத்தெருவுல சொல்லு! டீக்கடையில சொல்லு!"

லாரிக்காரன் அவரைக் கவனிக்கவில்லை. இவாவோவைத் தாங்கிப் பிடித்துப் பாறையில் உட்காரவைத்தான்.

"கினு! ஏ கினு! உங்கண்ணன் தோத்துட்டான்!"

பதில் இல்லை.

"காது செத்துப்போச்சா உனக்கு?"

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஒரு பெண் எரிச்சலோடு கத்தினாள். "இங்க நான் ஒருத்திதான் இருக்கேன். சும்மா காட்டுக்கத்தல் போடாதீங்க!"

டோகுஜி விருட்டென்று எழப் பார்த்தார். கால் சொன்னபடி கேட்கவில்லை. வழுக்கி மறுபடி கழுத்துவரை தண்ணீருக்குள்ளேயே விழுந்தார்.

இவாவோ ஒரு வாளி குளிர்ந்த தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். அன்றைக்கு முதல் தடவையாக டோகுஜியின் முகத்தைப் பார்த்தார்.

"நாப்பது வருஷமா அவ உன்னைத் தாங்கினா, மாப்ள. என் மகன் அவளை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோற வரைக்கும் நான் இந்த வெந்நீரைத் தாங்க மாட்டேனா?"