ஈயப் பெண்

கண்ணாடிப் பெட்டிக்குள் வெண்கல வீரர்கள் நிமிர்ந்து நின்றார்கள். அவர்கள் காலடியில் விரல் நீள ஈயப் பெண் ஒருத்தி, கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்டுக் கிடந்தாள். யாரோ ஒருத்தி நாசமாய்ப் போகட்டும் என்று எவனோ அவள் பெயரைத் தொடையில் கீறி, கிரேக்கக் கல்லறை ஒன்றில் புதைத்துவைத்த பொம்மை.

“அட்டையில அவ பேரைப் பெருசா எழுதும்மா, ஜனங்க நின்னு பார்ப்பாங்க” என்றார் அருங்காட்சியகக் காப்பாட்சியர் மாசிலாமணி.

“புதைச்சவன் வேலையை நாமளும் எதுக்கு சார் செய்யணும்?” என்றேன்.

“உனக்கு வேலையே இன்னும் நிரந்தரமாகல. அதுக்குள்ள சூனியம் எடுக்கக் கிளம்பிட்டியா?”

நான் எழுதிக் கொடுத்தேன்: ‘ஈயப் பெண். கைகளைக் கட்டியவன் பெயர் தெரியவில்லை.’

அவர் இரண்டு முறை படித்தார். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே பெட்டியின் சாவியைத் தேடினார்.