புங்கமரத்தடி, அஸ்தினாபுரம்

"காந்திமதி செத்துட்டா அண்ணா" என்றாள் பேபி, இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தபடி.

போஸ்ட்மேன் லோகநாதன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். "வெளிய போயிருக்கான்னு நேத்து சொன்னியே?"

"நேத்து ராத்திரிதான். காய்ச்சல்."

அவர் கையிலிருந்த ரிஜிஸ்தர் தபாலைப் புரட்டிப் பார்த்தார். முந்தாநாளிலிருந்து இதே தபாலோடு அலைகிறார். அவருக்கும் அலுத்துப்போயிருந்தது.

வீடு வாசல் இல்லாதவர்களுக்கெல்லாம் பேபியின் தள்ளுவண்டிதான் விலாசம். 'இஸ்திரி வண்டி, புங்கமரத்தடி, அஸ்தினாபுரம்' என்று எழுதினால் போதும், வந்து சேர்ந்துவிடும். வண்டிக்கு அடியில் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பாள். கட்டட வேலைக்காரர்களும் பிளாட்பாரத்தில் படுப்பவர்களும் வந்து வாங்கிப் போவார்கள். காந்திமதிக்கு வருவதை மட்டும் டின்னில் போடமாட்டாள், இடுப்பில் செருகிக்கொள்வாள்.

"அனுப்பினது குப்புராஜ், மதுராந்தகம்னு போட்டிருக்கு. அந்தம்மா புருஷனா?"

"புருஷனாம் புருஷன்! கொதிக்கிற எண்ணெய எடுத்து ஊத்துனவன். அவனுக்குப் பயந்துகினுதான் ஓடியாந்தா, பாவம்."

கையெழுத்துப் போட்டு வாங்கினால் ஒப்புகை அட்டை நேராகக் குப்புராஜ் கைக்குப் போகும். அட்டை கிடைத்த கையோடு பஸ் ஏறி இந்த மரத்தடியில் வந்து நிற்பான். செத்துவிட்டாள் என்று எழுதித் திருப்பினால் அதோடு தலைமுழுகிவிடுவான்.

ஆனால், காந்திமதிக்கு, ஹாஸ்டலில் படிக்கும் அவள் மகள் எழுதும் கடிதமும் இங்கேதான் வருகிறது. செத்தவளுக்கு எந்த போஸ்ட்மேன் கடிதம் கொடுப்பார்? இதை நினைத்து நினைத்தே பேபி ராத்திரி முழுக்கக் கண்ணை மூடவில்லை.

"நல்லா யோசிச்சுக்கோ பேபி. எழுதிட்டா எழுதினதுதான்."

"இன்னா யோசிக்கக் கீது? எழுதிடுங்க."

லோகநாதன் சிவப்புப் பேனாவை எடுத்தார். 'விலாசதாரர் இறந்துவிட்டார்' என்று அவர் எழுதி முடிக்கும்வரை பேபி அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் பையிலிருந்து நீல நிற இன்லேண்ட் லெட்டர் ஒன்றை உருவினார். "இதுவும் அந்தம்மாவுக்குத்தான். பொண்ணு எழுதியிருக்கு."

பேபியின் கை தானாக நீண்டது. பாதியிலேயே இழுத்துக்கொண்டாள்.

"அவதான் இல்லியே அண்ணா. அதையும் திருப்பிடுங்க." திரும்பி நின்று, ஏற்கெனவே தேய்த்து முடித்த சட்டையை எடுத்து மறுபடியும் தேய்க்கத் தொடங்கினாள்.

லோகநாதன் கடிதத்தை அவள் மடித்துவைத்திருந்த துணிகளின் மேல் வைத்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நாலடி போனவர், திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

"இனிமே பேபிங்கற பேருக்கே எழுதச் சொல்லு, காந்திமதி."