இருபது விழும்வரை

இட்லி ஆறிவிட்டது. மிதுன் வாயைத் திறக்கவில்லை.

"ஸ்கூலுக்கு மட்டம் போட இது ஒரு புது வழி" என்றபடி அவன் அப்பா ஷூவை மாட்டினார். "நீதான் செல்லம் குடுத்துக் கெடுக்கிற."

கதவு சாத்திக்கொண்டது.

அவள் மேல்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள். நேற்று மதியத்திலிருந்து அவன் பேசவில்லை. கோபம் என்றுதான் நினைத்திருந்தாள். காலையில் தானாக எழுந்து வந்து, நேற்று விளையாடிய அதே நாற்காலியில் உட்கார்ந்தான். அதன்பின் அசையவேயில்லை.

நேற்று இந்த மேசையில் ஒரு குகை இருந்தது.

அவனும் பக்கத்து ஃபிளாட் பிள்ளைகள் மூன்று பேரும் வீரர்கள். கதையை நடத்துகிற மாஸ்டர் அவள். சூனியக்காரியும் அவள்தான், குகைக்குள் வீசும் காற்றும் அவள்தான். இருபது முகப் பகடையில் விழுவது விழுந்ததுதான்.

அவனுக்கு ஒன்று விழுந்தது.

"நீ கல்லாயிட்ட" என்றாள் சூனியக்காரியின் குரலில். "இருபது விழுந்தா உயிர் வரும். இல்லேன்னா யாராவது உன் இடத்துல கல்லாகணும்."

மற்றவர்கள் ஆளுக்கொரு முறை உருட்டினார்கள். விழவில்லை.

"நான்லாம் கல்லாக மாட்டேம்ப்பா" என்றாள் தியா. "வாங்கடா, புதையலை எடுப்போம்."

புதையல் கிடைத்தது. கேக் வெட்டினார்கள். சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

அவனைக் குகையிலிருந்து வெளியே கொண்டுவர அவள் மறந்துவிட்டாள்.

இப்போது அவன் கையைத் தொட்டாள். மழைநாள் தரைபோல் ஜில்லென்றிருந்தது.

"மந்திரம் கலைஞ்சிடுச்சு மிதுன். நான்தானே சொல்றேன்? ஆட்டம் முடிஞ்சுது."

அவன் இமைக்கவில்லை.

உருட்டாமல் எதுவும் நடக்காது என்று அவளே எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்.

உருட்டினாள். நான்கு. பதினொன்று. ஏழு. சட்னிக் கிண்ணத்தில் இடித்து நின்றது: பத்தொன்பது.

அவன் நகங்கள் சாம்பல் நிறமாகியிருந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மணிக்கட்டுக்கு ஏறியது.

அவள் இந்த வீட்டுக்கு இரண்டாம் தாரமாக வந்தபோது அவனுக்கு ஆறு வயது. இன்றுவரை அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்பான். விளையாட்டில் மட்டும் "மாஸ்டர்" என்பான். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஞாயிறுதோறும் காடும் குகையும் கட்டினாள்.

எழுந்துபோய் அடுப்பை அணைத்தாள். அவன் தட்டில் சூடாக இரண்டு இட்லி வைத்தாள். டம்ளரில் தண்ணீர். வாசல் கதவின் மேல்தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள், அவன் கைக்கு அது எட்டாது.

பிறகு நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டுச் சாய்ந்துகொண்டாள்.

"உன் இடத்துக்கு நான் வரேன்டா."

முதலில் இமை அசைந்தது. பிறகு விரல்.

"பசிக்குது" என்றான். இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டான். பாதி மென்றவன் திரும்பிப் பார்த்தான்.

"மாஸ்டர்?"

அவள் கையைத் தொட்டான். சட்டென்று விட்டான்.

"அம்மா?"

கேட்டது. அவளுக்கு நன்றாகவே கேட்டது.

அவன் நாற்காலிமேல் முழங்காலிட்டு ஏறினான். பகடையை இரண்டு கைக்குள்ளும் பொத்தி ஊதினான். உருட்டினான்.

மூன்று.

மறுபடி எடுத்தான்.