என் குரலில் இன்னொருத்தி

தனியாக உலகம் சுற்றக் கிளம்பியபோது, அம்மாவின் தினசரி அழைப்புகளுக்கு என் குரலிலேயே பதில் பேச ஒரு செயலியை வைத்துவிட்டு வந்தேன். அது அனுப்பிய உரையாடல் குறிப்புகளை ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

மூன்றாவது மாதம், பிராக் நகர உணவகமொன்றில் சூப் ஆறிக்கொண்டிருக்க, எனக்கு அழுகை வந்துவிட்டது. நானே அம்மாவை அழைத்தேன். பேச ஆளில்லை, திரும்பி வந்துவிடலாம் போலிருக்கிறது என்று பத்து நிமிடம் கொட்டித் தீர்த்தேன். அம்மா குறுக்கிடாமல் கேட்டாள்.

"தாரிணி, இன்னிக்கு நிஜமாவே நீதான் பேசறியாடி?"

எனக்கு முகம் சுட்டது. "எப்படிம்மா தெரிஞ்சுது?"

"ஆபரேஷன் ஆனதிலேர்ந்து, அது எடுத்ததுமே கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டியாம்மான்னுதான் கேக்கும்."

எந்தக் கண்ணில் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.