தெக்லாவின் குரலை அழித்தல்

தெக்லா இறந்த பிறகும் அவளுடைய குரல் கணவன் கில்பர்ட்டோடு விளையாடிக்கொண்டிருந்தது. தூத்துக்குடி வீட்டில், விளையாட்டுக்கென்றே வாங்கிய கணினியில், இருவரும் வருடக்கணக்கில் சேர்ந்து ஆடியவர்கள். அதன் இயங்குதளத்தை நடத்திய கம்பெனி அவள் பேச்சைக் கற்றுவைத்திருந்தது. அவள் போன பிறகு இலவசமாகவே அவளைப் பேசவைத்தது.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவே அவள், “கில்பர்ட், உனக்குத்தான் முதுகு வலிக்குமே, இந்த மெத்தைய வாங்கேன்” என்றாள். அதன்பின் தினமும் எதையாவது விற்றாள்.

கில்பர்ட் கொழுந்தியாள் ஜெசிந்தாவை வரவழைத்தான். அவள் பழைய இயங்குதளத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற வேறொன்றைப் போடத் தெரிந்தவள்.

“அத்தான், இதுல கம்பெனிக்காரன் எதையும் திணிக்க முடியாது. ஆனா அக்கா குரலும் போயிரும்.”

“போவட்டும். அவ யார்ட்டயும் எதையும் வித்தவ இல்ல.”

பழையதை அழிக்கலாமா என்று திரை கேட்டபோது தெக்லா பேசினாள். “மூச்சு முட்டுது கில்பர்ட். என்னைய விட்டுட்டுப் போவாத.”

அது விளையாட்டில் சொன்னதல்ல. நோய் முற்றி இதே அறையில் படுத்திருந்தபோது சொன்னது. அப்போது கணினி அணைந்திருந்ததாகவே அவன் நினைத்திருந்தான்.

ஜெசிந்தா கையை எடுத்துக்கொண்டாள். “என்னால முடியாது அத்தான்.”

அவளை வெளியே அனுப்பிவிட்டு அவன் கதவைச் சாத்தினான். உள்ளே அந்தக் குரல் கெஞ்சுவது அவளுக்குக் கேட்டது. பிறகு நின்றது. அவன் வெளியே வர நெடுநேரம் ஆயிற்று.

“முடிஞ்சுதா அத்தான்?”

“முடிஞ்சிட்டு” என்றான். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். “நீ உள்ள போய் ஒருதடவ அவளக் கூப்பிட்டுப் பாரேன்.”